கதவைத் திறக்கச் சொன்னவர்கள்

1999-ம் வருடம், ஜூலை 22-ம் தேதி. மைக்ரோசாஃப்ட் ஒரு புதிய சாஃப்ட்வேரை இணையத்தில் விட்டது. பெயர், எம்.எஸ்.என். மெசஞ்சர். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், உட்கார்ந்த இடத்திலிருந்து உலகத்தில் யாருடனும் அரட்டை அடிக்கலாம்.

இதில் ஒரு விசேஷம் இருந்தது. அப்போது அமெரிக்காவில் அரட்டை என்றாலே ஏ.ஓ.எல். கம்பெனியின் 'எய்ம்' மென்பொருள்தான். (தில்லியில் உள்ள மருத்துவமனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) மைக்ரோசாஃப்டின் மெசஞ்சரில் உங்களுடைய எய்ம் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் போதும். எய்மில் இருக்கும் அத்தனை நண்பர்களும் இங்கே வந்து வரிசையாக நின்றுவிடுவார்கள். பேச ஆரம்பித்துவிடலாம்.

ஏ.ஓ.எல்.லிடம் அனுமதி கேட்டார்களா? அதெல்லாம் இல்லை. எய்ம் எப்படித் தன் சர்வரோடு பேசுகிறது என்பதை ஓரமாக உட்கார்ந்து ஒட்டுக்கேட்டு, அதே பாஷையைத் தங்கள் மென்பொருளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

மறுநாளே ஏ.ஓ.எல். கதவைச் சாத்தியது. மைக்ரோசாஃப்ட் மென்பொருளை மாற்றி மீண்டும் உள்ளே போனது. மீண்டும் சாத்தினார்கள். மீண்டும் போனார்கள். அந்தக் கோடை முழுக்க இதேதான் வேலை. சின்னப் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுவது மாதிரி, கோடிக்கணக்கான டாலர் புழங்கும் இரண்டு நிறுவனங்களின் இன்ஜினீயர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஆடினார்கள்.

எதற்கு இத்தனை அமர்க்களம்? மென்பொருளுக்காக இல்லை. அதை எழுத இரண்டு கம்பெனியிலும் ஆள் இருந்தார்கள். சண்டை, ஒரு பட்டியலுக்காக.

ஏ.ஓ.எல். என்பது அப்போது போன் லைன் வழியாக இணையம் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி. தன் சந்தாதாரர்களுக்காக 'படி லிஸ்ட்' என்று ஒன்றை வைத்திருந்தது. நண்பர்கள் பட்டியல். உங்கள் சிநேகிதர்களில் யார் இப்போது கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறார், யார் எழுந்து போய்விட்டார் என்று காட்டும். 1997 மே மாதம் இதையே தனி மென்பொருளாக்கி, சந்தா கட்டாதவர்களுக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். அதுதான் எய்ம். அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் அப்படியே அதில் குடியேறிவிட்டார்கள். 1998-ல் இன்னொரு வேலையும் நடந்தது. இஸ்ரேலைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் செய்த ஐ.சி.க்யூ. என்ற அரட்டை மென்பொருளை, கைமேல் 28.7 கோடி டாலர் கொடுத்து ஏ.ஓ.எல். வாங்கிப் போட்டது. ஆக, பெரிய பட்டியல் இரண்டும் ஒரே பெட்டியில். அந்த நாளில் இவை இரண்டுக்குள்ளேயே பேச்சுவார்த்தை கிடையாது என்பது தனிக் கதை. ஒரே முதலாளி, இரண்டு வீடு, நடுவே சுவர்.

வேடிக்கை என்னவென்றால், அப்போது மைக்ரோசாஃப்ட் பேசிய வசனம். எங்களுக்கு மட்டுமல்ல, யாஹூ உள்பட எல்லோருக்கும் கதவைத் திறந்து விடுங்கள். எந்தக் கம்பெனி போன் வைத்திருந்தாலும் எந்த நம்பருக்கும் பேச முடிகிற மாதிரி இதுவும் இருக்கட்டும். பொதுவாக ஒரு மொழி வைத்துக்கொள்ளலாமே?

சொன்னது யார்? கம்ப்யூட்டர் உலகின் தனிக்காட்டு ராஜா என்று சொல்லி அமெரிக்க அரசாங்கமே கோர்ட்டுக்கு இழுத்திருந்த மைக்ரோசாஃப்ட். அதே வருடம் நவம்பர் 5-ம் தேதி, அது ஏகபோகம் நடத்துகிற கம்பெனிதான் என்று நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் எழுதிவைத்தார். ஆபரேட்டிங் சிஸ்டத்தில் முதலாளி, அரட்டையில் கடைக்குட்டி. கடைக்குட்டியாக இருக்கும் இடத்தில்தான் அதற்குத் திறந்த கதவின் அருமை தெரிந்தது.

ஏ.ஓ.எல். சொன்ன பதிலும் லேசுப்பட்டதல்ல. எங்கள் வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை ஒரு மூன்றாம் மனிதர் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைகிறார். இதற்குப் பெயர் திறந்த கதவா, கன்னக்கோலா? எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றார்கள். இந்த வசனத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வரும்.

பாதுகாப்பு பற்றிப் பேசிய ஏ.ஓ.எல். கடைசியாக என்ன செய்தது என்று பார்த்தால் மூச்சடைக்கும். அவர்களுடைய எய்ம் மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தது. அளவுக்கு மீறி நீளமான செய்தி வந்தால், வழிந்துபோன பகுதியைக் கம்ப்யூட்டர் ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு நிறைவேற்றிவிடும். ஏ.ஓ.எல். வேண்டுமென்றே அப்படியொரு செய்தியை அனுப்பியது. அசல் எய்ம், ஓட்டை இருப்பதால் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பதில் சொல்லும். மைக்ரோசாஃப்டின் நகலில் அந்த ஓட்டை இல்லை. பதில் வராது. மாட்டிக்கொள்ளும்!

ஊரில் ஒரு வாத்தியார் ஒரு வார்த்தையைத் தப்பாகவே சொல்லிக்கொடுத்தார், அவரிடம் படித்த அத்தனை பேரும் தப்பாகவே சொல்வார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராவது சரியாகச் சொன்னால்? வெளியூர் ஆள். அவ்வளவுதான் விஷயம். என்ன ஒன்று, இந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டு எந்தத் திருடன் வேண்டுமானாலும் எய்ம் வைத்திருப்பவரின் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட முடியும். எதிரியை வெளியே நிறுத்துவதற்காகத் தன் வாடிக்கையாளரின் கொல்லைப்புறக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

இதைக் கண்டுபிடித்த மைக்ரோசாஃப்ட் ஆட்கள் யோக்கியமாக நடந்துகொண்டார்களா? அதுவும் இல்லை. ஆகஸ்டில், கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர் ரிச்சர்ட் ஸ்மித்துக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் பெயர் ஃபில் பக்கிங். தான் சொந்தமாக ஓர் அரட்டை மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பதாகவும், அப்போது இந்த ஓட்டை கண்ணில் பட்டதாகவும், எவ்வளவு ஆபத்து பாருங்கள் என்றும் எழுதியிருந்தார். ஸ்மித் மெயிலின் தலைப்பகுதியைப் பிரித்துப் பார்த்தார். அது மைக்ரோசாஃப்டின் கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து கிளம்பியிருந்தது. ஃபில் பக்கிங் என்று யாருமே கிடையாது. ஏ.ஓ.எல். செய்தது பெரிய தப்பு. ஆனால் மறுநாள் பேப்பரில் நாறியது மைக்ரோசாஃப்ட். அந்த டீமில் வேலை பார்த்த டேவிட் ஆவர்பாக் என்பவர், பதினைந்து வருடம் கழித்து 2014-ல் இந்தக் கூத்தையெல்லாம் விலாவாரியாக எழுதினார்.

1999 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் கை தூக்கிவிட்டது. எய்ம் பக்கம் போவதில்லை என்று அறிவித்து, தன் மெசஞ்சரைத் தானே வளர்க்க ஆரம்பித்தது. விண்டோஸ் கையில் இருக்கும்போது ஆள் பிடிப்பதா கஷ்டம்? கொஞ்ச வருடத்தில் அதுவும் பெரிய பட்டியலாக வளர்ந்தது. அதற்கப்புறம் மைக்ரோசாஃப்ட் வாயிலிருந்து பொது மொழி, திறந்த கதவு மாதிரியான வார்த்தைகள் அவ்வளவாக வரவில்லை.

இந்தக் கதை கம்ப்யூட்டருக்குப் புதிதா என்றால், இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் டெலிபோன் இதே தெருவில் நடந்து போயிருக்கிறது. 1890-களின் நடுவில் கிரஹாம் பெல்லின் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியானதும் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் புதிய டெலிபோன் கம்பெனிகள் முளைத்தன. பெல் கம்பெனி தன் இணைப்போடு அவற்றைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. பல ஊர்களில் வியாபாரிகள் மேஜைமேல் இரண்டு போன் வைத்திருந்தார்கள். பெல் வாடிக்கையாளருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. 1913 டிசம்பரில், அரசாங்கம் வழக்குப் போட்டு நெருக்கிய பிறகுதான், நீண்ட தூர இணைப்பில் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று பெல்லின் தாய்க் கம்பெனி எழுதிக் கொடுத்தது. பெரிய மனது பண்ணித் திறந்த கதவு இல்லை அது. கழுத்தில் கத்தி.

கத்தி இல்லாமல் திறந்த ஒரே பெரிய கதவு என்று எனக்குத் தோன்றுவது ஈமெயில். ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவுக்கு எழுதலாம், யாஹூவில் இருப்பவர் தன் ஆபீஸ் முகவரிக்கு எழுதலாம். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். நமக்கு இது காற்று மாதிரிப் பழகிவிட்டது. ஆனால் 1980-களில் அங்கேயும் சுவர்கள்தாம். எம்.சி.ஐ. மெயில், கம்ப்யூசர்வ் என்று காசு வாங்கிக்கொண்டு மெயில் கொடுத்த கம்பெனிகள் தனித்தனித் தீவுகள். இன்னொரு பக்கம், ஆராய்ச்சியாளர்கள் புழங்கிய இணையத்தில் 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிவைத்த எஸ்.எம்.டி.பி. என்கிற பொது விதி இருந்தது. அதற்குச் சொந்தக்காரர் கிடையாது, ராயல்டி கிடையாது. 1989-ல் விண்ட் செர்ஃப், பரிசோதனை என்று சொல்லி அனுமதி வாங்கி, எம்.சி.ஐ. மெயிலை இணையத்தோடு இணைத்தார். ஒருத்தன் போனதும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் வந்தார்கள். வந்து பார்த்தால், அதுவரை தங்களுக்குள் பேசிக்கொள்ளாத தீவுகள் இணையம் வழியாக ஒன்றோடொன்று பேச ஆரம்பித்திருந்தன. அந்தத் தீவுகள் எதுவும் ஆளத் தெரிந்த ராட்சசனாக வளருவதற்கு முன்னாலேயே காரியம் முடிந்துவிட்டது. அதுதான் அதிர்ஷ்டம்.

அரட்டைக்கும் அப்படியொரு ஜான் போஸ்டல் வராமல் இல்லை. ஜெரமி மில்லர் என்ற இளைஞர். அமெரிக்காவின் அயோவா மாநிலக்காரர். ஏ.ஓ.எல். - மைக்ரோசாஃப்ட் சண்டைக்கு ஆறு மாதம் முன்பே, 1999 ஜனவரியில், 'ஜாபர்' என்ற திட்டத்தை அறிவித்தார். ஈமெயில் மாதிரியேதான். யார் வேண்டுமானாலும் சர்வர் வைத்துக்கொள்ளலாம். உங்கள் முகவரி உங்கள் சர்வரின் பேரில் இருக்கும். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். 2004-ல் இது எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் இணையத்தின் அதிகாரபூர்வ விதிகளில் ஒன்றானது.

கருவி இருக்கிறது, பெரிய மனிதர் யாராவது கையில் எடுக்க வேண்டுமே? எடுத்தார்கள். 2005 ஆகஸ்டில் கூகுள் தன் அரட்டை மென்பொருளான கூகுள் டாக்கை இந்த மொழியில்தான் கொண்டுவந்தது. 2006 ஜனவரியில் வெளி சர்வர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு ஜாபர் சர்வர் வைத்துக்கொண்டு கூகுளில் இருக்கும் மச்சானோடு பேசலாம். ஆச்சு, ஈமெயில் மாதிரியே இதுவும் ஆகப்போகிறது என்று ஆர்வலர்கள் ஆனந்தப்பட்டார்கள்.

அப்போது அரட்டையில் கூகுளின் இடம் என்ன? எய்ம், எம்.எஸ்.என்., யாஹூ என்று மூன்று பேருக்குப் பின்னால் கடைசியாக வந்த ஆள். புரிகிறதல்லவா?

2010-ல் ஃபேஸ்புக்கும் தன் அரட்டைக்கு எக்ஸ்.எம்.பி.பி. வழியாக ஒரு ஜன்னல் வைத்தது. வேறு மென்பொருளிலிருந்து எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். வெளி சர்வர்காரர்கள் உள்ளே வர முடியாது. ஐந்து வருடம் கழித்து அந்த ஜன்னலும் மூடப்பட்டது.

கூகுள்? 2013 மே மாதம் 'ஹேங்அவுட்ஸ்' என்ற புதிய மென்பொருளை அறிமுகம் செய்தது. அதில் வெளியாருக்குக் கதவு கிடையாது. அதே வாரத்தில், மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் மெயிலில் கூகுள் டாக் நண்பர்களோடு பேசும் வசதியைச் சேர்த்திருந்தது. கூகுளின் லாரி பேஜ் மேடையில் நின்று அலுத்துக்கொண்டார். நாங்கள் திறந்து வைத்திருக்கிறோம், அவர்கள் அனுபவிக்கிறார்கள், பதிலுக்குத் திறக்க மாட்டேன் என்கிறார்களே! பதினாலு வருடம் கழித்து அதே மைக்ரோசாஃப்ட், வேறொருத்தர் வாசலில். 2022-ல் கூகுள் டாக் முழுவதுமாக இழுத்து மூடப்பட்டது.

இதற்கிடையில் அரட்டை கம்ப்யூட்டரைவிட்டு செல்போனுக்கு நகர்ந்துவிட்டது. யாஹூவில் வேலை பார்த்து வெளியேறிய ஜான் கூம், பிரையன் ஆக்டன் இரண்டு பேரும் 2009-ல் ஆரம்பித்த வாட்ஸ்அப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது வேறு. வாட்ஸ்அப்பின் சர்வர் எதன்மேல் கட்டப்பட்டது தெரியுமா? 'ஈஜாபர்டி' என்ற இலவச மென்பொருள்மேல். ஆம், ஜாபர் குடும்பத்துப் பிள்ளை. அலெக்சி ஷெப்பின் என்பவர் எழுதி, உலகத்துக்கு இனாமாக விட்டது. எல்லோரும் எல்லோரோடும் பேச வேண்டும் என்று பிறந்த மென்பொருளை எடுத்து, தேவைக்கு வெட்டி ஒட்டி, சர்வரும் சர்வரும் பேசும் பகுதியை வெளியாருக்கு அடைத்துவிட்டு உலகத்தின் மிகப்பெரிய சுவரைக் கட்டினார்கள். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுத்துத்தான் காம்பவுண்ட் சுவருக்குக் கலவை போட்டார்கள்.

2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் இந்தக் கம்பெனியை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. வாட்ஸ்அப்பின் முந்தைய வருட வருமானம் சுமார் ஒரு கோடி டாலர். ஊழியர்கள் 55 பேர். பி.காம். படித்த பாவத்துக்கு நான் இந்த மாதிரி சமயங்களில் கணக்குப் புத்தகத்தைத் தேடிப் போவது வழக்கம். ஃபேஸ்புக் அந்த வருடக் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது? வாட்ஸ்அப்பின் தொழில்நுட்பத்துக்கு மதிப்பு 28.8 கோடி டாலர். பயனாளர்களுக்கு 200 கோடி டாலருக்குச் சற்று மேல். குட்வில், 1,530 கோடி டாலர்.

குட்வில் என்றால் நல்லெண்ணம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. வாங்கிய சொத்துகளை ஒவ்வொன்றாக எண்ணி விலை போட்டபின்பும், கொடுத்த பணத்துக்கும் அதற்கும் நடுவே நிற்கிற வித்தியாசம். எங்கள் வாத்தியார் பாஷையில், 'எதற்கென்று சொல்லத் தெரியாமல் கொடுத்த காசு'. இங்கே எதற்கு என்று எனக்குத் தெரிகிறது. உங்கள் மாமா, சித்தி, அபார்ட்மென்ட் செகரட்டரி, பிள்ளையின் ஸ்கூல் வேன் டிரைவர் எல்லோரும் அதற்குள்தான் இருக்கிறார்கள். நீங்கள் மட்டும் வெளியே போக முடியாது. அதற்கான விலை.

2021 ஜனவரியில் இது பரிசோதனையே செய்யப்பட்டது. வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போகிறது என்றதும், இந்தியாவிலும் லட்சக்கணக்கானவர்கள் கோபித்துக்கொண்டு சிக்னல் செயலியை இறக்கினார்கள். நானும்தான். முதல் நாள் ஒரே உற்சாகம். இரண்டாவது வாரம் அங்கே நானும், இன்னொரு பத்திரிகைக்காரரும், எதையுமே முதல் ஆளாக வாங்கும் ஒரு உறவுக்காரப் பையனும். பால்காரர் அங்கே வரவில்லை. கடையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

சுவர் கட்டுபவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப், அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி அத்தனை செய்திகளையும் பூட்டியது. நூறு கோடிப் பேருக்கு. அவர்கள் எந்த பட்டனையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. திறந்த கதவு வைத்திருக்கும் ஈமெயிலில் இன்றுவரை இது நடக்கவில்லை. ஆயிரம் சொந்தக்காரர்கள் இருக்கும் வீட்டில் ஓட்டை மாற்றக்கூட எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். திருட்டுப் பயல்களுக்கும் திறந்த கதவு வசதி. உங்கள் மெயில்பெட்டியில் லாட்டரி விழுந்ததாக வரும் கடிதங்களே சாட்சி.

ஆனாலும் ஐரோப்பாக்காரர்கள் 1913-ன் கத்தியை மறுபடி எடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கீழ், 2023 செப்டம்பரில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் மெசஞ்சர் இரண்டும் 'வாயிற்காவலர்' பட்டியலில் சேர்க்கப்பட்டன. மற்ற அரட்டைக் கம்பெனிகள் கேட்டால் இணைப்புக் கொடுத்தே தீர வேண்டும். பூட்டு உடைந்துவிடும், பாதுகாப்புக்கு ஆபத்து என்றொரு குரல் உடனே எழுந்தது. ஏ.ஓ.எல். வசனம் ஞாபகம் இருக்கிறதா? 1999-ல் அது பாதி பொய். இந்த முறை சங்கேதப் பூட்டு நிஜமாகவே நடுவில் இருப்பதால் முக்கால்வாசி நியாயம் என்பது என் கட்சி. எப்படியோ, 2025 நவம்பரில் ஐரோப்பாவில் கதவு திறப்பதாக அறிவிப்பு வந்தது. முதலில் உள்ளே வந்தவை பேர்டிசாட், ஹைகெட் என்ற இரண்டு சின்னக் கம்பெனிகள். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நானும் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

அதே மெட்டா, 2023-ல் ட்விட்டருக்குப் போட்டியாக 'த்ரெட்ஸ்' ஆரம்பித்தபோது யாரும் சட்டம் போட்டு மிரட்டவில்லை. தானாகவே முன்வந்து, மாஸ்டடான் போன்ற வெளித்தளங்களோடு பேசும் பொது மொழியை ஏற்றுக்கொண்டது. 2024 மார்ச்சில் அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளில் அந்தக் கதவு திறந்தது. த்ரெட்ஸ், அந்தச் சந்தைக்குத் தாமதமாக வந்த ஆள்.

போகட்டும். பழைய எய்ம் என்ன ஆனது? 2017-ம் வருடம் டிசம்பர் 15-ம் தேதி அதை நிரந்தரமாக நிறுத்தினார்கள். முன்னதாக வாடிக்கையாளர்களுக்காக ஒரு கேள்வி-பதில் பக்கம் வெளியிட்டார்கள். அதில் ஒரு கேள்வி, என் நண்பர்கள் பட்டியலை நான் எடுத்துக்கொண்டு போகலாமா என்பது. முடியாது என்று பதில் போட்டிருந்தார்கள்.